ஓய்வுக் காலத்தில் பறவைகளோடு

(மைசூரில் ஒரு தொடர்கல்வி மையத்தில் பெரியவர் ஒருவர் பேசியது)



நான் ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக வேலை பார்த்தவன். முப்பத்தாறு வருடம் சங்கு ஊதினால் போவேன். சங்கு ஊதினால் வருவேன். ஓய்வு பெற்ற மறுநாளும் விடியற்காலையில் விழிப்பு வந்துவிட்டது. எழுந்து உட்கார்ந்தேன். எங்கே போவது?

ஆறு மாதம் திண்ணையே கதி என்று கிடந்தேன். சாப்பாட்டில் குறை சொன்னேன். பேரனை அதட்டினேன். ஒரு நாள் என் மனைவி சொன்னாள்: "காலையில் கொஞ்சம் வெளியே போய் வாருங்கள். உங்களுக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது."

குக்கரஹள்ளி ஏரிக்கரைக்குப் போனேன். அன்று எனக்குப் பெயர் தெரிந்தவை காக்கையும் கொக்கும்தான். தினமும் போகப் போக நீர்க்காகம், கூழைக்கடா, மீன்கொத்தி எல்லாம் பழக்கமாயின. பார்த்ததை ஒரு நோட்டில் எழுதினேன். தேதி, இடம், பறவையின் பெயர், எத்தனை, என்ன செய்தது – அவ்வளவுதான். நீங்களும் இதை எழுதலாம். படித்த எழுத்து மறக்காமல் இருக்க இதைவிட நல்ல பயிற்சி உண்டா?

இதற்குப் பெரிய செலவு இல்லை. விடிந்ததும் இரண்டு மணி நேரம் போதும். மண் நிறத்தில் அல்லது பச்சை நிறத்தில் சட்டை. ஒரு தொப்பி. தண்ணீர். ஒரு கைத்தடி. முடிந்தால் ஒரு பைனாகுலர். தனியாகப் போகாமல் ஒரு துணையோடு போங்கள்.

நம் பக்கத்திலேயே ரங்கனதிட்டு இருக்கிறது. காவிரியின் நடுவே உள்ள சிறு திட்டுகள் அவை. பறவை அறிஞர் சாலிம் அலி சொன்னதன் பேரில், 1940-ல் மைசூர் அரசு அதைச் சரணாலயம் ஆக்கியது. சாலிம் அலி 1896-ல் பிறந்தவர். இந்தியப் பறவைகளைப் பற்றி இன்னொருவருடன் சேர்ந்து பத்துத் தொகுதிகள் எழுதினார். அவை 1968 முதல் 1974 வரை வெளிவந்தன. அப்போது அவருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது! வயதாகிவிட்டது என்று நாம் ஏன் சோர்ந்து போக வேண்டும்?

மண்டியா மாவட்டத்தில் கொக்கரெ பெள்ளூர் என்று ஓர் ஊர். அங்கே கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் வீட்டுப் பக்கத்துப் புளிய மரங்களில் கூடு கட்டுகின்றன. பிரசவத்துக்குப் பிறந்த வீடு வரும் பெண்ணைப்போல அந்த ஊரார் அவற்றைப் பார்த்துக்கொள்கிறார்கள். பறவை எச்சம் அவர்கள் வயலுக்கு உரம்.

இனி நான் செய்த ஒரு தவற்றைச் சொல்கிறேன்.

என் மகன் ஒரு கேமரா வாங்கித் தந்தான். ஒரு மார்ச் மாதம், ஏரியை ஒட்டிய பொட்டலில் ஆட்காட்டிக் குருவி ஒன்று அடைகாப்பதைக் கண்டேன். வெறும் தரையில் மண் நிறத்தில் நான்கு முட்டைகள். படம் எடுக்க நெருங்கினேன். குருவி கத்திக்கொண்டே எழுந்து என் தலைக்கு மேல் சுற்றியது. நான் நகரவில்லை. இருபது படம் எடுத்தேன். மகிழ்ச்சியாகத் திரும்பி நடந்தேன். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தால், அந்த இடத்தில் இரண்டு காக்கைகள். ஓடினேன். மூன்று முட்டை போய்விட்டது. ஒன்று உடைந்து கிடந்தது.

காக்கைக்குக் கூட்டைக் காட்டிக் கொடுத்தவன் நான்தான். அன்று சோறு இறங்கவில்லை. அந்தப் படங்களை நான் யாருக்கும் காட்டியதில்லை.

அன்றிலிருந்து ஒரு விதி வைத்திருக்கிறேன். பறவை இரை தேடுவதை நிறுத்தித் தலை தூக்கிப் பார்த்தால், நான் நின்றுவிடுவேன். கத்தினால், பின்னால் போய்விடுவேன். கூட்டைப் படம் எடுப்பதே இல்லை. செல்போனில் எடுப்பவர்களுக்கும் இதுதான் என் வேண்டுகோள்.

இப்போது என் பேரனும் ஞாயிறுதோறும் என்னோடு வருகிறான். நோட்டில் எழுதுவது அவன்தான். போன மாதம் ஓர் ஆட்காட்டி கத்தியது. "தாத்தா, நாம் தள்ளிப் போகலாம்" என்று அவனே என் கையைப் பிடித்து இழுத்தான்.

நாளைக் காலை நீங்களும் வாருங்கள். நோட்டும் பென்சிலும் மறக்க வேண்டாம்.