இனமும் ஒழுக்கமும்



சமண முனிவர்கள் அருளிய நாலடியாரின் 40 அதிகாரங்களுள் ஒன்று ‘நல்லினம் சேர்தல்’. திருக்குறளின் 46ஆம் அதிகாரம் ‘சிற்றினம் சேராமை’. மனிதரின் ஒழுக்கத்தில் அவரைச் சூழ்ந்திருப்போருக்கும் பங்குண்டு என்பதே இரண்டின் கருத்து.

இரவுண்ணாமை இதற்குச் சான்று. வந்தவாசி, செஞ்சி வட்டாரச் சிற்றூர்களில் நோன்பு காத்த இல்லங்களில் கதிரவன் மறையுமுன் அடுக்களை அடங்கும். அண்டை வீட்டிலும் அவ்வாறே. எவரும் கற்பிக்காமலே குழந்தைகள் அதனைக் கற்றனர். அக்குடும்பங்களின் பிள்ளைகள் இன்று சென்னையில் பணி முடித்து இல்லம் திரும்பவே இரவு எட்டு மணியாகிறது. உடன் பணிபுரிவோர் உண்ணும் வேளையும் அதுவே. மகன் நோன்பில் தளர்ந்தான் எனப் பெற்றோர் வருந்துகின்றனர். முதலில் தளர்ந்தது அவனைத் தாங்கி நின்ற சூழலே.

எனினும், சூழலைப் பழித்து அமைதலும் அறமாகாது. அதனை அமைப்போரும் மனிதரே. அட்டமி, சதுர்த்தசி நாள்களிலேனும் மாலையுணவைக் காலையிலேயே கட்டிக் கொடுத்தனுப்பலாம். விடுமுறை நாள்களில் அருகருகே வாழும் குடும்பங்கள் ஓரில்லத்தில் கூடிப் பொழுது சாயுமுன் உண்ணலாம். தனியொருவருக்கு அரிதாகும் நோன்பு, பலர் கூடுமிடத்து எளிதாகும்.

பிள்ளைகளைக் கடியுமுன், அவர்களுக்கு நல்லினமாக நிற்பவர் யாரென்று பெற்றோர் எண்ணுவாராக.

வளர்க ஜினதருமம்!