பழைய ஹார்ட் டிஸ்க்கை புது சிஸ்டத்துல மாட்டலாமா?

போன எபிசோட்ல புது சிஸ்டம் அசெம்பிள் பண்றதைப் பத்திப் பேசினோம். அதுக்கப்புறம் வந்த மெயில்கள்ல திரும்பத் திரும்ப ஒரே கேள்வி: "பழைய ஹார்ட் டிஸ்க் சும்மா கிடக்கு, அதையும் இதுல மாட்டிடலாமா?"

மாட்டலாம். கடந்த பத்துப் பதினஞ்சு வருஷத்துல வாங்கினதுன்னா அது அநேகமா சாட்டா டிஸ்க்தான். இன்னைக்கு வர்ற மதர்போர்டுலயும் அதே போர்ட் இருக்கு. அகலமான பட்டை கேபிள் போடுற ஐடிஇ டிஸ்க்னா மட்டும், யுஎஸ்பி கன்வெர்ட்டர் ஒண்ணு வாங்கணும்.

ஆனா ஒரு மெயிலுக்கு மட்டும் நான் உடனே "மாட்டுங்க"ன்னு பதில் போடலை. பத்து வருஷப் பழைய 1 டிபி டிஸ்க். அதுலதான் அவங்க அப்பாவோட குரல் இருக்கிற வீடியோக்கள். அப்பா இப்போ இல்லை, வேற எங்கயும் காப்பியும் இல்லை. "விண்டோஸ் போடும்போதே இதையும் சேர்த்து மாட்டிட்டா வேலை ஒரேயடியா முடிஞ்சிடும்ல?"ன்னு கேட்டிருந்தாங்க.

வேண்டாம். முதல்ல காப்பி, அப்புறம்தான் மத்ததெல்லாம். பழைய சிஸ்டம் இன்னும் ஓடுதுன்னா அதுலயே வெச்சு எடுத்துடுங்க. மொத்த டிஸ்க்கையும் குளோன் பண்ணிக்கிட்டு உட்காராதீங்க. எது போனா திரும்பக் கிடைக்காதோ அந்த ஃபோல்டரை முதல்ல எடுங்க. சினிமா, கேம் எல்லாம் கடைசி. ஹார்ட் டிஸ்க்குக்குள்ள தட்டு நிமிஷத்துக்கு 5400 இல்லன்னா 7200 தடவை சுத்துது, அதுக்கு மேல தலைமுடியை விட ரொம்பச் சின்ன இடைவெளியில ஹெட் மிதக்குது. வயசான டிஸ்க் எத்தனை மணி நேரம் தாக்குப்பிடிக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது. அந்த நேரத்தை கேம் ஃபோல்டருக்குச் செலவு பண்ணாதீங்க. செக் டிஸ்க், டிஃப்ராக்மென்ட் எதுவும் அப்போ ஓட்டாதீங்க. 'டிக் டிக்'னு சத்தம் வந்தா உடனே பவரை எடுத்துட்டு, டேட்டா ரெக்கவரி பண்றவங்ககிட்ட கொண்டு போங்க. ஃப்ரிட்ஜ்ல வெச்சா சரியாகும்னு யாராவது சொன்னா சிரிச்சுட்டு நகர்ந்துடுங்க.

காப்பி ஆச்சு. இனி டிஸ்க்கோட உடம்பு எப்படி இருக்குன்னு பார்க்கலாம். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோன்னு இலவச சாஃப்ட்வேர், பலருக்கும் தெரிஞ்சிருக்கும். அதுல 'குட்'னு நீலக் கலர்ல வந்ததும் மூடிடாதீங்க, கீழே இருக்கிற வரிசையைப் பாருங்க. 05-ன்னு இருக்கிறது, கெட்டுப்போனதால மாத்து இடத்துக்கு நகர்த்தப்பட்ட செக்டர்களோட எண்ணிக்கை. சி5-ங்கிறது, படிக்க முடியாம சந்தேகத்துல நிக்கிற செக்டர்கள். இந்த ரெண்டும் 0-வா இருந்தா நிம்மதி. சி5 ஏறிக்கிட்டே போனா அந்த டிஸ்க்கை நம்பி எதையும் வைக்காதீங்க. சி7 ஏறினா பெரும்பாலும் டிஸ்க் மேல தப்பு இருக்காது, கேபிளை மாத்திப் பாருங்க. இந்த சாஃப்ட்வேர் நம்பரை ஹெக்ஸா காட்டும். செட்டிங்ல டெசிமலுக்கு மாத்திட்டுப் படிங்க, இல்லன்னா சும்மா பயந்துடுவீங்க. எத்தனை மணி நேரம் ஓடியிருக்குன்னும் அதுலயே தெரியும். ஒரு வருஷம் நிக்காம ஓடினா 8,760 மணி நேரம், அதை வெச்சுக் கணக்குப் போட்டுக்கோங்க.

அடுத்தது விண்டோஸ் இன்ஸ்டால். இங்கதான் நிறைய பேர் மாட்டிக்கிறாங்க. புது எஸ்எஸ்டியில விண்டோஸ் போடும்போது பழைய டிஸ்க்கும் சேர்ந்து மாட்டியிருந்தா, பூட் ஆகத் தேவையான சின்ன பார்ட்டிஷனை இன்ஸ்டாலர் பழைய டிஸ்க்கிலயே எழுதிட வாய்ப்பு இருக்கு. அப்போ ஒண்ணும் தெரியாது, எல்லாம் நல்லா ஓடும். ரெண்டு வருஷம் கழிச்சு பழைய டிஸ்க் சாகும்போது, நல்லா இருக்கிற எஸ்எஸ்டியும் பூட் ஆகாம நிக்கும். அவசரத்துல தப்பான டிஸ்க்கை ஃபார்மட் பண்ற ஆபத்து தனி. அதனால இன்ஸ்டால் முடியுற வரைக்கும் பழைய டிஸ்க் வெளியிலயே இருக்கட்டும்.

லேப்டாப்ல இருந்து கழட்டின டிஸ்க்கா? பிட்லாக்கர் ஆன் ஆகியிருக்கான்னு பாருங்க. பல லேப்டாப்ல நாம கேட்காமலே அது ஆன் ஆகியிருக்கும். பழைய மெஷின் தானா பூட்டைத் திறந்து விட்டதால நமக்குத் தெரிஞ்சிருக்காது. புது போர்டுல மாட்டினதும் 48 இலக்க சாவி கேட்கும். மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல அந்தச் சாவி இருக்கான்னு பழைய மெஷின் உயிரோட இருக்கும்போதே பார்த்துடுங்க.

மாட்டுற வேலையில ஒரே ஒரு இடத்துல நான் ரொம்பக் கண்டிப்பு. கேபிள் கழட்டி மாட்டுற மாடுலர் எஸ்எம்பிஎஸ் வெச்சிருந்தா, பழைய எஸ்எம்பிஎஸ்ஸோட பவர் கேபிளை புதுசுல சொருகாதீங்க. டிஸ்க் பக்கம் எல்லாத்துக்கும் ஒரே கனெக்டர்தான், எஸ்எம்பிஎஸ் பக்கம் பின் வரிசை கம்பெனிக்கு கம்பெனி மாறும். 5 வோல்ட் போக வேண்டிய இடத்துல 12 வோல்ட் போனா டிஸ்க் அங்கேயே காலி.

இப்போ வர்ற கண்ணாடி கேபினட் சிலதுல 3.5 இன்ச் டிஸ்க்குக்கு இடமே கிடையாது, வாங்கும்போதே பாருங்க. டிஸ்க் காட்டலைன்னா மதர்போர்டு மேனுவலையும் பாருங்க. சில போர்டுகள்ல எம்.2 ஸ்லாட்ல எஸ்எஸ்டி போட்டா, ஒண்ணு ரெண்டு சாட்டா போர்ட் தானா ஆஃப் ஆயிடும். போர்ட் மாத்திப் போட்டா போதும்.

மாட்டின பிறகு அதுல என்ன வைக்கலாம்? விண்டோஸ் வேண்டாம். நல்ல ஹார்ட் டிஸ்க்கே செகண்டுக்கு 100-லிருந்து 200 எம்பிதான் படிக்கும், சாதாரண சாட்டா எஸ்எஸ்டி 500-ஐத் தாண்டும். புது கேமும் அதுல இழுக்கும். சினிமா, பழைய ப்ராஜெக்ட், எஸ்எஸ்டியில இருக்கிறதோட இன்னொரு காப்பி, இதுக்கெல்லாம் தாராளமா வெச்சுக்கலாம்.

அந்த நேயர் நேத்து பதில் போட்டிருந்தாங்க. அப்பா வீடியோ 40 ஜிபி, மொத்தமும் வந்துடுச்சாம். ஒரு காப்பி எஸ்எஸ்டியில, இன்னொண்ணு தங்கச்சி வீட்டு பென் டிரைவ்ல. பழைய டிஸ்க்ல சி5 நம்பர் 16 காட்டுதாம், ஃபார்மட் பண்ணிப் பயன்படுத்தலாமான்னு கேட்கிறாங்க. அதை மாட்ட வேண்டாம், ஃபார்மட்டும் பண்ண வேண்டாம். அப்படியே எடுத்து பீரோல வைங்க. வேணும்னா, அடுத்த எபிசோட்ல என்விஎம்இ பத்திப் பேசும்போது புது டிஸ்க் எது வாங்கலாம்னு பார்ப்போம்.