குடியேறும் ஊரைத் தெரிதல்

(நமது சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று எமக்கு அளிக்கப்பட்ட பொருள் எளியதுபோல் தோன்றுவது; ஆயினும் நம் இல்லங்கள் பலவற்றில் இரவு நெடுநேரம் பேசியும் முடிவுறாதது. பிறந்த ஊரை விட்டு வேற்றூரில் குடிபுக நேர்ந்தால், அவ்வூரை எதனைக் கொண்டு தெரிந்தெடுத்தல் வேண்டும் என்பதே அப்பொருள். சம்பளம் இவ்வளவு, வாடகை இவ்வளவு, பள்ளிக்கூடம் இத்தகையது என்று யாவரும் கணக்கிடுகின்றனர். கணக்கிற் பெயர்பெற்ற நகரத்தார் மரபில் வந்தவருள்ளும் பலர் ஓர் இனத்தை மட்டும் ஏட்டில் ஏற்றுவதில்லை. நமக்கு நோய் வந்தால் நள்ளிரவில் நம் கதவைத் தட்ட யார் உளர்? ஊரிலுள்ள பெற்றோர்க்கு நோய் வந்தால் எத்தனை மணி நேரத்தில் நாம் போய்ச் சேர்வோம்? இவ்விரண்டுமே அவ்வினம்.

ஊர் பெயர்தல் நமக்குப் புதியதன்று. காவிரிப்பூம்பட்டினத்தை நீங்கிப் பாண்டிநாடு புகுந்தோம் என்பது நம் குலத்தில் வழிவழி வந்த வரலாறு. இளையாற்றங்குடி, மாற்றூர், வயிரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி என ஒன்பது கோயில்களைப் பற்றி நின்று, பங்காளிமையும் சம்பந்தமும் வரையறுத்துக் கொண்டோம். முற்காலத்தில் தொண்ணூற்றாறு என்று சொல்லப்படும் நம் ஊர்கள் இன்று எழுபதிற்குச் சற்று மேற்பட்டனவாய்ச் சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் நெருங்கிக் கிடக்கின்றன. நெருங்கி அமைந்ததன் பயன் யாதெனில், பெண்ணை எவ்வூரிற் கொடுத்தாலும் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு போய் முகம் பார்த்து மீளக் கூடியதாயிருந்தது. பேறுகாலத்திற்கும் படைப்பிற்கும் துட்டிக்கும் மனிதர் வந்து நிற்கக் கூடிய தொலைவுக்குள்ளேயே உறவு வளர்ந்தது.

பின்னர்க் கடல் கடந்தோம். இலங்கை, பர்மா, மலாயா, சிங்கப்பூர், சைகோன் எனக் கொண்டுவிற்கப் போன நம் முன்னோர் தனித்தனியே சென்று ஆங்காங்கே சிதறி இருந்தாரல்லர். பினாங்கில் 1857ஆம் ஆண்டிலும், சிங்கப்பூர் டாங்க் ரோட்டில் 1859ஆம் ஆண்டிலும் தெண்டாயுதபாணிக்குக் கோயில் எடுத்தனர். சிங்கப்பூர் மார்க்கெட் தெருவிலும் இரங்கோன் மொகல் தெருவிலும் கிட்டங்கிகளில் பல மார்க்காக்காரர் ஒருங்கே பெட்டியடி வைத்தனர். ஒரே கூடத்தில் வாணிகமும் உறக்கமும், ஒரே அடுப்பில் உணவும் நிகழ்ந்தன. புதிதாய் வந்த அடுத்தாளுக்குத் தொழிலைக் கற்பிப்போரும், காய்ச்சலென்றால் கஞ்சி காய்ச்சித் தருவோரும் அங்கேயே இருந்தனர். மேலாள் மூன்றாண்டுக் கணக்கு முடித்து ஊர் திரும்புவது வழக்கமாதலின், பிரிவிற்கும் ஓர் எல்லை இருந்தது.

இம்முறையை முற்றும் புகழ்தல் யாம் கருதியதன்று. ஆடவர் கிட்டங்கியில் ஒருவர்க்கொருவர் துணையாயிருந்த காலத்தில், பெண்டிர் வளவுகளில் ஆண்டுக்கணக்கிற் காத்திருந்தனர். தந்தை முகம் அறியாமல் இரண்டு மூன்று வயது வரை வளர்ந்த பிள்ளைகளும் உண்டு. அவ்வாழ்வைத் தாங்கியவை மாமியார், நாத்தனார், ஓர்ப்படியார் நிறைந்த வீடும், கூப்பிடு தொலைவிலிருந்த தாய்வீடுமே என்பதை இங்குள்ள ஆச்சிமார்கள் எம்மினும் நன்கு அறிவார்கள்.

பர்மாவின் கதை மற்றொரு பாடம் புகட்டுவது. 1930ஆம் ஆண்டை ஒட்டி அந்நாட்டில் நம்மவர் கடைகள் ஏறத்தாழ 1,650 இருந்தன. உலகெங்கும் விலைவாசி வீழ்ந்து உழவர் கடனைத் தீர்க்க வகையற்றுப் போகவே, ஈடு வைத்த நிலங்கள் நம்மவர் கைக்கு வந்தன. அவ்வாண்டுகள் முடிவதற்குள் கீழ்ப்பர்மாவின் முதன்மையான நெல்விளை மாவட்டங்களின் நிலத்தில் நான்கில் ஒரு பங்களவு நம்மவர் பெயரில் நின்றது. ஏடு தடித்தது, ஆனால் அயலாரின் மனம் கசந்தது. 1942இல் சப்பானியர் படையெடுத்தபோது இந்தியர் இலட்சக்கணக்கிற் கப்பலேறியும், காடும் மலையும் கடந்து கால்நடையாகவும் ஓடி வந்தனர். பின்பு 1948ஆம் ஆண்டின் நிலச் சட்டமும், 1963, 1964ஆம் ஆண்டுகளில் வந்த நாட்டுடைமை ஆணைகளும் எஞ்சியதையும் கொண்டு போயின. அன்று ஓடி வந்தவர்க்கு ஊரில் ஒரு வீடும், வீட்டில் ஒரு விளக்கும் இருந்தமையால் பிழைத்தனர். பொருள் ஈட்டும் இடம் வேறு, வாழும் இடம் வேறு. தம்முள் ஒருவனாக ஊரார் நம்மைக் கொள்ளாத ஊர் எவ்வளவு கொடுத்தாலும் வீடாகாது என்பதே அதனால் அறியக் கிடப்பது.

இனி இக்காலத்திற்கு வருவோம். முன்னாளிற் போனவன் ஒருவன். ஊரில் இருந்தது குடும்பம். இந்நாளிலோ குடும்பம் போய்விடுகிறது. ஊரில் இருப்பவர் முதியோர் இருவர், சிலகாலம் கழித்து ஒருவர். நூறு பேர் பந்தியில் அமர்ந்த வீட்டில் ஒரு விளக்கும் ஒரு வானொலியுமாய் ஒரு முதாட்டி இருக்கின்றார். 2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி தமிழ்நாட்டில் பத்தில் ஒருவர் அறுபது வயது எய்தியவர். பெற்றோரைப் பேணாத மக்களிடமிருந்து மாதந்தோறும் பொருள் பெற்றுத் தருவதற்கு 2007இல் நடுவணரசு ஒரு சட்டமும் இயற்றியது. சட்டம் பணத்தைப் பெற்றுத் தரும். பக்கத்திலிருந்து கை பிடிக்குமா? நம் பிள்ளைகளிற் பலர் கேளாமலே பணம் அனுப்புகின்றவர்கள். அவர்களிடம் குறை பணத்தில் இல்லை; தொலைவில் உள்ளது.

ஆயின் யாவரும் ஊருக்கே திரும்புக என்று சொல்லத் துணியோம். பிழைப்பு இல்லாத இடத்தில் மனிதர் வாழ்தல் இயலாது. கூடி ஒரே வீட்டில் வாழ்க என்றும் சொல்லோம். கிட்ட இருந்தால் முட்டப் பகை என்னும் பழமொழியும் நம் நாட்டினதே. இவ்விரண்டிற்கும் நடுவே நம் முன்னோர் கண்ட வழி ஒன்று உண்டு. அதுவே வேறு வைத்தல். மணமான மகனையும் மருமகளையும் உரிய காலத்தில் அதே வீட்டில் தனி அறையும் தனி அடுப்பும் கொடுத்து, ஆண்டுச் செலவிற்கு அரிசி முதலியன அளந்து தந்து, தம் கணக்கைத் தாமே பார்த்து நடத்துமாறு வைப்பர். உலை வேறு, வாசல் ஒன்று. மருமகள் தன் மனப்படி சமைப்பாள். மாமியார் அவள் பெட்டியைத் திறவார். குழந்தை மட்டும் இரண்டு அடுப்பிலும் உண்ணும். தன்னுரிமையும் அண்மையும் ஒருங்கே நிற்கக் கூடும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

குடியேறும் ஊரைத் தெரிவதற்கும் இதனையே அளவுகோலாகக் கொள்க என்பது எம் விண்ணப்பம். உலை வேறாகுக, வாசல் எட்டும் தொலைவில் இருக்குக. இதனை நடைமுறையிற் கொள்ளுமாறு சில சொல்லுவோம்.

முதலாவது, தொலைவை மைலால் அளவாது மணியால் அளக்க வேண்டும். அக்காலத்தில் நாகப்பட்டினத்தில் கப்பலேறினால் சிங்கப்பூர் சேர ஏறத்தாழ ஒரு வாரம் ஆயிற்று. இன்று திருச்சிராப்பள்ளியிலிருந்து வானூர்தியில் நான்கு மணிப்பொழுது. அங்கிருந்து காரைக்குடி தொண்ணூறு கிலோமீட்டரளவே. அமெரிக்காவிலிருந்து புறப்படுவோர்க்கோ ஒரு பகலும் ஓரிரவும் போதா. சம்பளத்தில் வேற்றுமை சிறிதாயின், மணியில் உள்ள வேற்றுமையை நோக்கி முடிவு செய்க.

இரண்டாவது, பெற்றோர் என்றால் இருவீட்டுப் பெற்றோருமே ஆவர். மருமகளும் ஒருவர் பெற்ற மகள்தான். மகன் ஊருக்கு அண்மையும் மகள் ஊருக்குச் சேய்மையும் பார்த்து முடிவு செய்தல் பாதிக் கணக்கு. ஒரே பிள்ளை பெற்ற வீடுகள் மிகுந்துவிட்ட இக்காலத்தில் இஃது இன்னும் இன்றியமையாதது.

மூன்றாவது, செல்லும் ஊரில் நடந்து போகும் தொலைவில் மூன்று நான்கு குடும்பங்களாவது மனமொத்தவையாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். மனமொத்தவை என்று எவற்றைச் சொல்லுகின்றோம்? நம்மவர் என்னும் ஒன்றே போதாது. நம்மவருள்ளேயே ஆடம்பரத்தாற் பிறரை வாட்டுவோரும் உளர். பிறருள்ளே நம் தாயினும் பரிந்து வருவோரும் உளர். சொன்ன சொல் தவறாமை, முதியோரிடம் பொறுமை, வேலையாளை மதித்தல், அளவான செலவு, விருந்தினரைக் கண்டு முகம் மலர்தல் ஆகிய இவற்றை எவ்வீட்டிற் காண்கின்றோமோ, அவ்வீட்டார் எக்குலத்தவராயினும் நம் பிள்ளைகள் வளர்தற்குரிய அயலார். கிட்டங்கி வாழ்வில் நம்மவர் நம்மவரோடு மட்டும் கூடியிருந்ததன் குறையைப் பர்மா காட்டிவிட்டது. ஆதலின், செல்லும் ஊரின் மொழியைக் கற்க. அவ்வூரார் நன்மை தீமைகளில் முன்னிற்க.

நான்காவது, பிள்ளைகள் தமிழைப் பேசவும் எழுதவும் அவ்வூரில் வழி உண்டா என்று வினவுக. பாட்டியோடு பேச மொழியில்லாத பேரன், அவர் பக்கத்து வீட்டில் இருப்பினும் தொலைவில் உள்ளவனே.

ஐந்தாவது, முதியோரை அழைத்துச் செல்லக் கருதுவோர்க்கு ஒரு சொல். நீங்கள் உத்தியோகத்திற்காகப் பெயர்கின்றீர்கள். அவர்களோ அறுபதாண்டுப் பழக்கத்தைப் பெயர்த்துக்கொண்டு வருகின்றார்கள். பத்தாம் மாடியில் பகல் முழுதும் பூட்டிய கதவுக்குள் இருப்பது அவர்களுக்கு வாழ்வாகாது. அருகே கோயில் உண்டா, காலையில் நடக்க இடமுண்டா, பேச ஓர் ஒத்த வயதினர் உண்டா என்று முன்னரே பார்க்க. ஒரு மூன்று மாதம் இருந்து பார்த்து, அவர்களே முடிவு சொல்லுமாறு விடுக. அம்முடிவு, "நாங்கள் ஊரிலேயே இருக்கின்றோம்" என்பதாயின், அதனைப் பிடிவாதம் என்று கொள்ளற்க.

முன்னமே தொலைவிற் சென்று வேரூன்றியவர் என் செய்வது என்று கேட்பீராயின், உடன்பிறந்தாருள் ஒருவர் அண்மையில் இருப்பது உறுதியாகுக. அண்மையில் இருப்பவர்க்கே சுமை முழுதும் விழாதவாறு, தொலைவில் இருப்போர் செலவிற் பெரும்பங்கும் ஆண்டில் ஒரு தவணைக் காலமும் ஏற்றுக்கொள்க. மருத்துவமனை வாசலில் நிற்பவர் ஒருவர், தொலைபேசியில் குறை கூறுபவர் ஒருவர் என்னும் நிலையினாலேயே பல பங்காளிகள் பகைத்தனர். பணத்தின் பங்கைப் போலவே பணிவிடையின் பங்கையும் பேசி எழுதிக்கொள்வதில் வெட்கமில்லை.

பெரியோர்களுக்கும் ஒன்று சொல்லி அமைகின்றோம். பிள்ளை அருகில் வந்து குடியேற வேண்டுமாயின், வேறு வைத்தலின் அறத்தை நாமும் காத்தல் வேண்டும். அவர்கள் அடுப்பில் நம் கரண்டியை விடலாகாது. வருகிறவர்க்கு வாசல் திறந்திருக்க வேண்டும். வராத நாளுக்குக் கணக்குக் கேட்டல் கூடாது. அண்மை இனிதாயிருந்தால்தான் அடுத்த தலைமுறை அதனைத் தேடி வரும்.

இளைஞர்களே, அடுத்த முறை வேலைக்கான கடிதம் ஒன்று கைக்கு வரும்பொழுது, ஒப்பமிடுவதற்கு முன் ஒரு தாளில் இடப்பக்கம் சம்பளத்தை எழுதுங்கள். வலப்பக்கம் மணியை எழுதுங்கள். அதன் கீழ் உங்களுக்காக நள்ளிரவில் வரக்கூடியவர் பெயர்களை எழுதுங்கள். பெயர் ஒன்றேனும் எழுத முடியாத ஊராயின், அவ்வூருக்குப் போகுமுன் இன்னொரு முறை வீட்டாரோடு கூடிப் பேசுங்கள்.