பிரசவக் காசு யார் பொறுப்பு?

(எல்ல பகுதித் தோட்டங்களின் மாதர் கூட்டத்தில் சங்கத்தின் மாதர் பிரிவுத் தோழி ஒருவர் ஆற்றிய உரை)

கொழுந்து நிறுத்துக் கொடுத்த கையோடு வந்திருக்கிறீர்கள். அதனால் சுருக்கமாகவே பேசுகிறேன்.

என் இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது பிரசவக் காசு கேட்டுத் தோட்டத்து ஆபீசுக்குப் போனேன். செக்ரோலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "உனக்கு 143 பேர்தான் இருக்கிறது, 150 வேண்டும்" என்றார்கள். அந்த வருஷம் எத்தனையோ நாள் கைக்காசுக்குக் கொழுந்து எடுத்தேன். அந்த நாட்களுக்குப் பேர் போடவில்லை. ஏழு நாள் குறைந்தது என்று ஒரு சதம்கூடத் தரவில்லை. நாற்பது நாள் பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு மலைக்கு ஏறினேன்.

இது என் கதை மட்டுமல்ல. இங்கே தலையசைக்கிறவர்களைப் பார்த்தாலே தெரிகிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. மகப்பேற்று நன்மைகள் கட்டளைச்சட்டம் 1939ஆம் ஆண்டே வந்துவிட்டது. பிரசவத்துக்கு முன் 14 நாள், பின் 70 நாள், மொத்தம் 84 நாள் லீவு. நாட்கூலியில் ஏழில் ஆறு பங்கு வீதம், அதாவது 72 நாள் கூலி. முன்பு மூன்றாவது பிள்ளைக்கு 42 நாள்தான் கொடுத்தார்கள். 2018ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு எத்தனையாவது பிள்ளை என்றாலும் 84 நாள்தான்.

ஆனால் ஒரே நாட்டில் தாய்க்குத் தாய் வித்தியாசம் இருக்கிறது. கடையிலும் கந்தோரிலும் வேலை செய்யும் பெண்ணுக்கு அந்த 84 நாளில் வாராந்த லீவும் போயாவும் சேராது. நமக்கு எல்லாம் சேர்த்துத்தான் கணக்கு. அரசாங்க உத்தியோகத்தருக்கு முழுச் சம்பள லீவு முடிந்ததும் அரைச் சம்பளத்தில் இன்னும் 84 நாள் எடுக்கலாம். அவர்களில் தகப்பனுக்கும் மூன்று நாள் லீவு உண்டு. தோட்டத்துத் தகப்பனுக்குச் சட்டத்தில் ஒரு நாளும் இல்லை.

இதற்கு அடிப்படை என்ன? டீச்சரம்மாவின் பிரசவ லீவுக்கு அரசாங்கம் பணம் கொடுக்கிறது. நம்முடைய பிரசவக் காசு முழுவதும் கம்பனியின் செலவு. செலவு என்றால் கம்பனி குறைக்கத்தான் பார்க்கும். கைக்காசு கொடுத்தால், பேர் போடாமல் விட்டால், தேயிலையைக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்து "நீங்கள் இனித் தொழிலாளி இல்லை" என்றால் அந்தச் செலவு மிச்சம். கலியாணம் முடித்த இளம் பெண் வேலை கேட்டுப் போனால் அவள் வயிற்றைத்தான் முதலில் பார்க்கிறார்கள்.

சர்வதேச தொழில் அமைப்பின் 103ஆம் இலக்கச் சமவாயம் இதைத்தான் தடுக்கப் பார்த்தது. பிரசவக் காசைச் சமூகக் காப்புறுதியிலிருந்தோ அரசாங்க நிதியிலிருந்தோ கொடுக்க வேண்டும், தனித்தனி முதலாளியின் தலையில் போடக்கூடாது என்று அது சொல்கிறது. இலங்கை அதை 1993இல் ஏற்றுக்கொண்டது. முப்பது வருஷத்துக்கு மேலாகியும் சுமை கம்பனியிடமே இருக்கிறது. நஷ்டம் நமக்கு.

"கம்பனி கொடுக்க வேண்டியதை அரசாங்கம் ஏன் கொடுக்க வேண்டும்? கம்பனி தப்பித்துக்கொள்ளும் அல்லவா?" என்று நம் தோழர்கள் சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. கம்பனியைத் தப்பவிடச் சொல்லவில்லை. ஊழியர் நம்பிக்கை நிதிக்குக் கம்பனி 3 வீதம் கட்டுகிறது. ஆணா பெண்ணா என்று பார்த்தா கட்டுகிறது? அதேபோல எல்லாத் தொழிலாளருக்கும் சேர்த்து ஒரு மகப்பேற்று நிதிக்குக் கம்பனி கட்டட்டும், அரசாங்கமும் தன் பங்கைப் போடட்டும். காசு நேரே தாயின் கணக்குக்கு வரட்டும். அப்போது பெண்ணை வேலைக்கு எடுத்தாலும் ஆணை எடுத்தாலும் கம்பனிக்குச் செலவு ஒன்றுதான்.

அரசாங்கத்திடம் காசு இல்லை என்பார்கள். 2026 வரவு செலவுத் திட்டத்தில் நம் வருகைக் கொடுப்பனவுக்கு நாளொன்றுக்கு 200 ரூபாவை அரசாங்கமே தருவதாகச் சொன்னது. கூலிக்குக் கை கொடுக்க முடிந்த அரசாங்கத்துக்குப் பிரசவத்துக்கு முடியாதா? தமிழ்நாட்டில் ஏழைத் தாய்மாருக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் உள்ள திட்டத்தில் அரசாங்கம் 18,000 இந்திய ரூபா பெறுமதியான உதவி கொடுக்கிறது.

அந்த நிதி வரும்வரை கையில் இருப்பதை விட்டுவிடாதீர்கள். மாசாமாசம் உங்கள் பேரை எண்ணி ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். சம்பளச் சீட்டை எறியாதீர்கள். கிளினிக் அட்டையோடு நேரத்துக்கு ஆபீசில் அறிவித்தல் கொடுத்து, ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். மறுத்தால் தோட்டத் தலைவியிடம் வாருங்கள், சேர்ந்து பதுளைத் தொழில் காரியாலயத்துக்குப் போவோம்.

நான் அன்று தனியாகப் போனேன், வெறுங்கையோடு திரும்பினேன். இனி ஒரு தங்கச்சியும் அந்த ஆபீஸ் படியில் தனியாக நிற்கக்கூடாது.