கியர்பாக்ஸை மாற்றும் முன் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்
(நம் சங்கக் கூட்டத்தில் குடியிருப்பாளர் ஒருவர் பேசியது)

போன மாதம் என் ஆட்டோமேட்டிக் கார் மூன்றாவது கியரிலேயே நின்றுவிட்டது. நம் பேஸ்மென்ட் சரிவில் ஏறத் திணறியபோது பின்னால் அடித்த ஹாரன் உங்களுக்கும் கேட்டிருக்கும். முதலில் காட்டிய ஒர்க்‌ஷாப்பில், "கியர்பாக்ஸையே மாத்தணும் சார்" என்றார்கள். கடைசியில் பார்த்தால், கெட்டுப்போனது ஒரு ஷிஃப்ட் சொலினாய்டு மட்டும்தான்.

அது மின்சாரத்தில் இயங்கும் சின்ன வால்வு. கம்ப்யூட்டர் சொன்னபடி ஆயிலுக்கு வழிவிட்டு கியரை மாற்றும். அது பழுதானால், மேலும் சேதம் வராமலிருக்க வண்டி பெரும்பாலும் ஒரே கியரில் ஓடும்.

மெக்கானிக்கிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்.

ஒன்று: கியர்பாக்ஸ் ஆயில் அளவு சரியா? கருகிய வாடை வருகிறதா? வந்தால் உள்ளே தேய்மானம் இருக்கலாம்.

இரண்டு: ஸ்கேனரில் என்ன கோடு? பி0750, பி0755 போன்றவை சொலினாய்டு சர்க்யூட்டைக் காட்டும். கோளாறு ஒயரிலோ கனெக்டரிலோகூட இருக்கலாம்; அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

மூன்று: மல்டிமீட்டரில் எத்தனை ஓம்? சர்வீஸ் மேனுவலில் உள்ள அளவோடு ஒத்துப்போக வேண்டும்.

இந்த மூன்றுக்கும் பதில் வராமல் பெரிய செலவுக்குத் தலையாட்டாதீர்கள்.