வாயில்வரை வந்த பிள்ளைக்கு வழித்துணை யார்?



பதுளை மாவட்டத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு பிள்ளை பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானால் லயமே திருவிழாக் கோலம் கொள்கிறது. கோயிலில் பூசை வைக்கிறோம், மாலை சூட்டுகிறோம், மேடையேற்றிப் பாராட்டுகிறோம். செய்ய வேண்டியதுதான். ஆனால் மாலை வாடிய மறுவாரம் அந்தப் பிள்ளையின் நிலை என்ன என்று நம்மில் எத்தனை பேர் விசாரித்தோம்? அந்த மறுவாரத்தைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம்.

அந்தப் பிள்ளையின் வீட்டில் அதற்கு முன் எவரும் பல்கலைக்கழக வாயிலை மிதித்ததில்லை. அறிவில் குறைந்த குடும்பமா அது? இல்லை. 1945இல் இந்நாட்டில் இலவசக் கல்வி வந்தது. தோட்டப் பாடசாலைகளோ 1970களில்தான் அரசின் கைக்கு வந்தன. 1948இல் நம்மவர் குடியுரிமை பறிபோயிற்று. அடுத்த ஆண்டே வாக்குரிமையும் போயிற்று. வாக்கற்ற மக்களுக்குப் பள்ளிக்கூடம் கட்ட எந்த ஆட்சிக்கு அவசரம் இருக்கும்? எஞ்சியோரின் நாடற்ற நிலையைத் தீர்க்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருந்தோம். பாட்டனுக்கு மறுக்கப்பட்டதைப் பேரன் இன்று எட்டிப் பிடிக்கிறான். பிடித்த கை நழுவினால் அது அவன் ஒருவனின் தோல்வி ஆகாது.

தோழர்களே, மாவட்ட ஒதுக்கீடு வாயிலைத் திறந்துவிடுகிறது. உள்ளே போனபின் கைபிடித்து நடத்த அதனால் ஆகாது. உள்ளே காத்திருக்கும் இடர்கள் மூன்று.

முதலாவது பணம். 2024இல் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,350 ரூபா என்று விதிக்கப்பட்டது. அதுவும் பேர் விழுந்த நாளுக்குத்தான். கொழுந்து குறைந்தால் அரைப்பேர். 1981இல் தொடங்கிய மகாபொல புலமைப்பரிசில் பெரும் துணையே. ஆனால் அது சேர்ந்த அன்றே கைக்கு வருவதில்லை. விடுதி, உணவு, புத்தகம், பயணம் ஆகிய செலவுகளோ முதல் நாளே வந்து நிற்கின்றன. அந்த இடைவெளியில் தாயின் தோடு அடகுக் கடைக்குப் போகிறது.

இரண்டாவது மொழி. பதின்மூன்று ஆண்டுகள் தமிழிலே படித்த பிள்ளை, விஞ்ஞான பீடத்தில் நுழைந்ததும் விரிவுரை முழுவதையும் ஆங்கிலத்தில் கேட்கிறது. பாடம் தெரியாமலன்று, சொல் புரியாமல் தலைகுனிகிறது. அருகில் இருப்பவனிடம் கேட்கவும் கூசுகிறது.

மூன்றாவது தனிமை. பதுளையில், பசறை வீதியிலேயே, 2005இல் எழுந்த ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது. தேயிலைத் தொழில்நுட்பத்தைப் பட்டப்படிப்பாகவே அங்குக் கற்பிக்கிறார்கள். கொழுந்து கிள்ளியவளின் மகள் தேயிலை விஞ்ஞானியாகலாம்! ஆயினும் நம் பிள்ளைகள் பலருக்கு இடம் கிடைப்பது பேராதனையில், வந்தாறுமூலையில், யாழ்ப்பாணத்தில். எந்தப் படிவத்தை எங்கே கொடுப்பது, எவரிடம் முறையிடுவது என்று வீட்டாரைக் கேட்டால் அவர்களுக்கும் தெரியாது. பகிடிவதையைத் தடுக்க 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் உண்டு. அப்படியொரு சட்டம் இருப்பதை அஞ்சி நிற்கும் பிள்ளைக்கு யார் சொன்னார்கள்?

வெலிமடைப் பக்கம் மரக்கறி செய்யும் விவசாயிகள் இங்கே இருக்கிறீர்கள். நாற்றுமேடையில் செழித்த நாற்று, பிடுங்கி நட்ட முதல் நாட்களில்தான் வாடுகிறது. அப்போது தண்ணீர் காட்டாதவன், பிறகு மண்ணைக் குறை சொல்லிப் பயனுண்டா?

ஆதலால் நாம் கேட்பவை சில. படித்து உத்தியோகத்தில் இருப்போரே, ஆளுக்கொரு பிள்ளையை ஏற்றுக்கொள்ளுங்கள். காசு மட்டும் போதாது. முதலாண்டு முழுவதும் வாரம் ஒருமுறை தொலைபேசியில் அழைத்து, படிப்பும் உணவும் எப்படியென்று கேளுங்கள். ஆசிரியர்களே, உயர்தரப் பரீட்சை முடிந்து பல்கலைக்கழகம் தொடங்கும்வரை கிடைக்கும் மாதங்களில் ஆங்கில வகுப்பு நடத்துங்கள். விவசாயிகளே, வியாபாரிகளே, பசறை, லுணுகலை, பண்டாரவளை, அப்புத்தளை என ஊருக்கொரு முன்பண நிதி அமைப்போம். உதவித்தொகை வரும்வரை அது தாங்கட்டும்; வந்தபின் வாங்கியவர் சிறுகச் சிறுகத் திருப்பட்டும்; அதே பணம் அடுத்த பிள்ளைக்குப் போகட்டும். முன்னே சென்ற மாணவர்களே, பின்னே வருவோரை முதல் நாள் வாயிலில் நின்று அழைத்துச் செல்லுங்கள்.

பல்கலைக்கழகங்களையும் கேட்கிறோம்: தமிழில் பேசி வழிகாட்டும் மாணவ ஆலோசகர் ஒருவராவது எங்கும் இருக்க வேண்டும். இது சலுகையன்று, சேர்த்துக்கொண்ட பிள்ளைக்குச் செய்யும் கடமை.

1924இல் இருப்புப்பாதை பதுளையை அடைந்தது. இம்மலைகளின் தேயிலை அதிலேறித் துறைமுகம் சேர்ந்தது. இன்று அதே வண்டியில் நம் பிள்ளை பெட்டியோடு ஏறுகிறது. அது பட்டத்தோடு திரும்பினால், அடுத்த லயத்திலிருந்து பத்துப் பிள்ளைகள் புறப்படும். பாதியில் திரும்பினால், பத்து வீடுகளில் புத்தகம் மூடப்படும். எது நடக்க வேண்டும் என்பது நம் கையில் இருக்கிறது. மாலைக்குச் செலவிடும் காசில் பாதியையாவது இன்றே நிதிக்கு எடுத்து வைப்போம்.