ஒரு தடவை மடக்கினால் போதாது
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்றாலே எல்லோரும் தோலைப் பற்றித்தான் பேசுவார்கள். நான் ஷூவின் அடியில் இருக்கிற ரப்பர் சோலைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

ஒருவர் தினம் 10,000 காலடி நடந்தால் ஒவ்வொரு சோலும் 5,000 முறை வளையும். முப்பது நாளில் 1,50,000 முறை! அதுவும் விரல்கள் மடங்குகிற அந்த ஒரே இடத்தில்.

ரப்பர் வளைந்தால் பழையபடி நிமிர்ந்துவிடும்னு நினைக்கிறோம். முழுசா அப்படியில்லை. கார்பன் பிளாக் கலந்த ரப்பரை முதல் தடவை இழுக்க அதிக விசை வேண்டும். அடுத்த தடவை அதே நீளத்துக்குக் குறைந்த விசையே போதும். 1940களில் இங்கிலாந்தில் இதை விரிவாக ஆராய்ந்தவர் மல்லின்ஸ். அவர் பெயரிலேயே 'மல்லின்ஸ் விளைவு' என்கிறோம். அதன் பிறகும் ஒவ்வொரு வளைவிலும் கொஞ்சம் ஆற்றல் வெப்பமாகப் போகிறது. சின்னக் கீறல் இருந்தால் அதன் முனையில் இழுவிசை குவிந்து, விரிசல் கொஞ்சம் கொஞ்சமாக வளரும். காற்றிலுள்ள ஓசோனும் அதற்குத் துணை போகும்.

இதையெல்லாம் படித்த நானே ஒருமுறை தவறினேன். நான் வேலை பார்த்த இடத்தில் செலவைக் குறைக்க, சோல் கலவையில் சுண்ணாம்புத் தூளைக் கூட்டினார்கள். கடினம் ஏறாமலிருக்க எண்ணெயையும் கூட்டினார்கள். கடினமானியில் அளவு சரியாக வந்தது. கையால் ரெண்டு தடவை மடக்கிப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை. கையெழுத்துப் போட்டுட்டேன்.

சில மாதத்தில் விரிசல் விட்ட ஷூக்கள் திரும்பி வந்தன. அடுத்த ஆர்டர் நின்றது. மேல்பாகம் தைத்த பெண்களுக்கு வேலை போச்சு. அவங்க தையல்ல ஒரு குறையும் இல்லை!

ராஸ் ஃபிளெக்ஸ் என்றொரு சோதனை உண்டு. ரப்பர் துண்டில் 2.5 மி.மீ. துளைவெட்டுப் போட்டு, நிமிடத்துக்கு 100 முறை வீதம் 90 டிகிரி மடக்கி, வெட்டு எவ்வளவு வளர்கிறது என்று அளப்பார்கள். ஒரு நாள் அதற்குக் காத்திருந்தால் அத்தனை குடும்பமும் தப்பியிருக்கும்.

மாணவர்களே, நாளை நீங்களும் இந்தத் தொழிற்சாலைகளில் கையெழுத்துப் போடுவீர்கள். கடினமானி ஒரு தடவைதான் அமுக்கும். கால் லட்சம் தடவை மடக்கும். கால் செய்வதைச் சோதித்த பிறகு பேனாவை எடுங்கள்.